ஏழாம் நம்பர் தண்ணீர்

போன வார அத்தியாயத்தின் முடிவில் அம்மாவும் மகளும் ஒரே கட்டிலில், ஆளுக்கொரு காகிதத்தைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு தூங்கப் போனார்கள். அம்மாவின் பையில் இருந்தது வேலைக்கான கடிதம். தீவு ஆய்வு நிலையத்தில் இரண்டு வருடம். சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மகளின் பையில் இருந்தது அம்மாவின் பெயரில் நிரப்பிய விருப்ப ஓய்வு விண்ணப்பம். அதில் அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால், ஏழு மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மகள் மறுபடி மருந்துக்கடை வேலைக்குப் போகலாம். இரண்டு பேரும் நல்லவர்கள். அதனாலேயே இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

இதோ, வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

"வழி திறந்தாச்சு, எழுந்திரிங்க," என்று விடுதிக்காரம்மா கதவைத் தட்டினாள்.

அம்மா பதறி எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஆறு. மனசுக்குள் இருபதைக் கழித்தாள். ஐந்து நாற்பது. வாசலில் இருக்கும் பலகையில் ஆறு மணிக்குத்தானே வழி திறக்கும் என்று எழுதியிருந்தது? கடல் நம்ம வீட்டுக்காரரையே மிஞ்சிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு பல் தேய்க்கப் போனாள்.

இந்தக் கழித்தலைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் கணவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறார். அவர் வீட்டில் சுவரில் இருப்பது, மேஜையில் இருப்பது, மனைவியின் கையில் இருப்பது என்று எல்லாக் கடிகாரமும் அவர் உத்தரவுப்படி இருபது நிமிடம் முன்னால் ஓடும். முப்பது வருடமாக வீட்டில் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்ததும் சத்தமில்லாமல் இருபதைக் கழித்துவிடுவார்கள். கழிக்காத ஒரே ஆள் அவர்தான். அதனால் எங்கே போனாலும் இருபது நிமிடம் முன்னாலேயே போய் நின்றுகொண்டு, மற்றவர்கள் தாமதம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

விடுமுறைக்கு வந்தவர்கள் நான்கு பேர். முதலில் 'சீசா', அதாவது பாட்டில். அதுதான் அம்மா. இருபத்தாறு வருடமாக நீர் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைச் சோதிப்பவளுக்கு ஹாஸ்டல் காலத்துச் சிநேகிதிகள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அப்புறம் டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். அப்புறம் 'ஊசி'. தையல் கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். நாக்கைப் பார்த்து வைத்த பெயர் என்று டீச்சர் சொல்வாள். இந்த மூவரும் இருபது வயதில் சேர்ந்து கடல் பார்க்கப் போவோம் என்று முடிவு செய்து, ஐம்பத்தொரு வயதில்தான் கிளம்பியிருக்கிறார்கள். நான்காவது ஆள் மகள். கடைசி நேரத்தில் நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டாள். ஏன் என்பது உங்களுக்குத் தெரியும்.

கரைக்கு வந்ததும் நான்கு பேரும் நின்றுவிட்டார்கள்.

நேற்று மதியம் அந்த இடத்தில் வெறும் கடல். எதிரே தூரத்தில், கடிதத்தில் இருந்த அந்தத் தீவு. இப்போது கரையிலிருந்து தீவுவரை ஒரு மணல் பாதை கிடந்தது. ஈரம் பளபளக்க, லேசாக வளைந்து, இரண்டு பக்கமும் கடல் ஒதுங்கி நிற்க, அது பாட்டுக்குக் கிடந்தது.

"இது நேத்து எங்க இருந்துச்சு?" என்று ஊசி கேட்டாள்.

"இங்கேயேதான். தண்ணிக்கு அடியில," என்றாள் டீச்சர்.

"அப்ப நேத்து மத்தியானம் நாம கடலைப் பாத்துக்கிட்டு நின்னோமே, அப்பவும் உள்ள ரோடு இருந்துச்சா?"

"ஆமா."

"எனக்கு உடம்பெல்லாம் என்னவோ பண்ணுதுடி," என்றாள் ஊசி. அதற்கப்புறம் முழுசாக ஐந்து நிமிடம் அவள் பேசவில்லை. இது நடந்ததற்கு மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள்.

விடுதிக்காரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். "பத்து மணிக்கு வழி மூடிடும். நடக்கவே இருபது நிமிஷம் ஆகும். ஒன்பதரைக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பிடுங்க. விட்டா அப்புறம் சாயங்காலம் ஆறு இருபதுக்குத்தான் திறக்கும்."

நேற்று அலையைப் படம் எடுக்கப்போய் டீச்சரின் ஃபோன் கடலுக்குள் போய்விட்டது. அந்தப் பயத்தில் மற்ற மூன்று ஃபோன்களையும் விடுதிக்காரம்மாவின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். குழந்தையை முதல் முறையாக வீட்டில் விட்டுவிட்டு வந்த மகளுக்கு அதில் மனசே இல்லை. பத்தரைக்குத் திரும்பி வந்து கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். நேரம் பார்க்க சீசாவின் கைக்கடிகாரம் ஒன்று போதாதா?

தீவில் இறங்கியதும் டீச்சரும் ஊசியும் கிளிஞ்சல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். சீசா நிற்கவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுத்துப் போவதுபோல் பாறைகளின் மேல் ஏறிப் போனாள். மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"எங்கம்மா இவ்வளவு அவசரமா போற?"

"நம்பர் பாக்கணும்."

பாறைகளில் வெள்ளைப் பெயிண்டில் எண்கள் எழுதியிருந்தன. நான்கு. ஐந்து. ஆறு. தீவின் மறுபக்கம் திரும்பியதும் சீசா நின்றாள். வீடு உயரத்துக்கு ஒரு கறுத்த பாறை. அதன் மேல் 'ஏழு' என்று எண்ணால் எழுதி, குறுக்கே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை அவளுக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை தோறும் இந்தத் தீவிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் பாட்டில்களின் சீட்டில், ஏழுக்கு மட்டும் யாரோ அப்படிக் குறுக்கே கோடு போட்டு அனுப்புவார்கள்.

பாறையின் அடியில் ஒரு குகைபோல ஓட்டை. அலை அதற்குள் போனது. உள்ளே எங்கேயோ இடித்துக்கொண்டு பெரிதாக ஒரு மூச்சு விட்டது. பிறகு மேலே இருந்த பிளவுகள் வழியாக வெள்ளை வெள்ளையாக நுரைத்து வழிந்து, பக்கத்துக் குளத்தில் விழுந்து பொங்கியது. அடுத்த அலை. மறுபடி அந்த மூச்சு.

சீசா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா? காலு வழுக்கிடுச்சா?"

"இல்ல கண்ணு. இது ஏழாம் நம்பர்." அவள் எண்ணின் குறுக்கே இருந்த கோட்டைப் பார்த்தபடி சொன்னாள். "தண்ணியில எவ்வளவு காத்து கரைஞ்சிருக்குன்னு ஒரு சோதனை இருக்கு. மருந்து விட்டா பாட்டில்ல இருக்கிறது நீலமாயிடும். இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே வரணும், நீலம் மறையிறவரைக்கும். எத்தனை சொட்டு செலவாகுதோ அவ்வளவு காத்து. மத்த பாட்டில் எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். ஏழு மட்டும் எப்பவும் கூட வரும்."

"அதனால என்ன?"

"மேலதிகாரி நம்ப மாட்டார். பாட்டிலைக் குலுக்கிட்டீங்க, கவனமில்ல, மறுபடி தண்ணி வாங்கிச் செய்யுங்கம்பார். மூணு மேலதிகாரி மாறிட்டாங்க. மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க. நானும் சீட்டு எழுதி அனுப்புவேன், ஏழு மறுபடி அனுப்பவும்னு. மறுபடி வரும். மறுபடியும் கூடத்தான் இருக்கும். எனக்குத்தான் கை சரியில்லையோன்னு நானே நினைச்சுக்கிட்டேன்." சீசா பாறையைக் காட்டினாள். "இப்பப் பாரு. இது மூச்சு விடுது."

அலை உள்ளே போனது. பாறை மூச்சு விட்டது.

ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது முதல் விதி. சீசா விரலை அந்த நுரையில் நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பின் அளவு அவளுக்குப் புள்ளி சுத்தமாகத் தெரியும். ருசி இன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் நீர் கொட்டியது. இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. இந்த வயதில் இவ்வளவு ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். மகளும் அதே நேரத்தில் திரும்பினாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் மகள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தார்கள்.

"மணி என்ன ஆச்சு?" என்று மகள் பேச்சை மாற்றினாள்.

சீசா கையை நீட்டினாள். கடிகாரம் ஒன்பது முப்பது காட்டியது. அம்மா இருபதைக் கழித்தாள். மகளும் அந்த வீட்டில் வளர்ந்தவள், அவளும் இருபதைக் கழித்தாள்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு," என்று இருவரும் நிம்மதியாகச் சொன்னார்கள். அந்த இருபது நிமிடமும் முக்கியமான எதையும் பேசாமல், பாறைக் குளத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டால் சுருங்கி மூடிக்கொள்ளும் பூப்போன்ற ஒரு பிராணி. தன்னைவிடப் பெரிய சங்கை வீடாக இழுத்துக்கொண்டு போகும் நண்டு. மகள் கைக்குழந்தைக்காரி என்பதையே மறந்து, விரலை விட்டு விட்டுப் பார்த்தாள்.

கிளிஞ்சல் மூட்டையோடு காத்திருந்த இருவரையும் கூட்டிக்கொண்டு அவர்கள் மணல் பாதைக்கு வந்தபோது பாதை மெலிந்திருந்தது. நூறு அடி நடந்திருப்பார்கள். எதிரே வலப்பக்கத்து அலையும் இடப்பக்கத்து அலையும் மணல்மேல் ஏறி ஒன்றையொன்று தொட்டன. தொட்ட இடத்தில் பாதை இல்லை. அடுத்த அலையில் இன்னும் பத்தடி காணாமல் போனது. தண்ணீர் முழங்காலுக்கு வந்து காலடி மணலை உருவியது.

"நில்லுங்க," என்றாள் டீச்சர். "மணி என்ன?"

"ஒன்பதரை," என்றாள் சீசா.

டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஒன்பது அம்பதுன்னு காட்டுது."

"அதுல இருபது கழிக்கணும். எங்க வீட்டுக் கடிகாரம் முன்னாடி ஓடும்."

ஊசியின் முகத்தில் ஈயாடவில்லை. "நேத்து நீ குளிக்கப் போனப்ப பாத்தேன். கடிகாரம் இருபது நிமிஷம் தப்பா ஓடுதேன்னு பாவப்பட்டு நான்தான் சரி பண்ணி வச்சேன்."

சீசா கடிகாரத்தையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டியாடி?"

"இத்தனை வருஷமா தப்பா ஓடுற கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு, அதை மனசுக்குள்ள சரி பண்ணிக்கிட்டு ஒரு குடும்பம் வாழும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பயத்திலும் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. நால்வரும் கைகோத்துக்கொண்டு திரும்பி ஓடினார்கள். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது அங்கே பாதை இருந்ததற்கான அடையாளமே இல்லை. அவ்வளவு பெரிய ஒன்றை இவ்வளவு அமைதியாக எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று சீசா பிரமித்து நின்றாள். மகளோ குழந்தையை நினைத்துக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

தீவின் உச்சியில் வெள்ளையடித்த ஆய்வு நிலையம். முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் வாசலுக்கு வந்தார். நிலையக்காரர் அவர்தான், இங்கே தனியாக வேலை பார்ப்பவர். தொலைபேசியை மகளிடம் கொடுத்தார்.

குழந்தையோடு அம்மா வீட்டில் தங்கியிருந்த அவள் கணவன்தான் எடுத்தான். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது என்றான். மாட்டிக்கொண்டோம் என்று மகள் சொன்னதும் தொலைபேசி கை மாறியது. டைம்கீப்பர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தனை மணிக்குத் திறக்கும்?"

"ஆறு இருபதுக்குப்பா."

"சரி." வைத்துவிட்டார்.

சீசா தன் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் சொன்னாள். நிலையக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஏழு மறுபடி அனுப்பவும். அது நீங்களாம்மா?"

"நான்தான் சார். மன்னிச்சுக்கணும்."

"எதுக்கு? இத்தனை வருஷத்துல அந்தத் தண்ணியை ரெண்டு தடவை பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தான்." அவர் சிரித்தார். அடுத்த வரியை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அஞ்சு மணிக்குள்ள உங்க பதில் வரணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. என் காலு ஒத்துழைக்கல, மாசக் கடைசியில நான் போயாகணும். இடத்தைப் பாத்துட்டுச் சொல்லலாம்னு நேர்லயே வந்துட்டீங்களாக்கும்."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. மகள் அம்மாவைப் பார்த்தாள். நிலையக்காரர் தேநீர் போடுவதாகச் சொல்லி உள்ளே நழுவினார்.

"என்ன பதில்மா?"

சீசா பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மகள் நின்றபடியே படித்தாள்.

"எப்ப வந்துச்சு?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா தினமும் ஃபோன் பண்ற. குட்டிக்குப் பல் வந்துச்சா, இருமல் நின்னுச்சான்னு கேக்குற. இதைச் சொல்ல வாய் வரல." மகளின் குரல் உயரவில்லை. அதுதான் சீசாவுக்கு வலித்தது. "வேற யாருக்குத் தெரியும்?"

"ஊசிக்கு."

ஊசி திடீரென்று கூரையை ஆராய ஆரம்பித்தாள்.

மகள் தன் பையைத் திறந்து அந்த விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நான் கடல் பாக்க வரல. இதுல உன் கையெழுத்து வாங்கத்தான் வந்தேன். அடுத்த வாரம் நான் கடைக்குப் போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. நான் படிச்ச படிப்பும்மா அது."

அம்மாவுக்கும் அடுத்த ஆள் காத்திருந்தார், மகளுக்கும் அடுத்த ஆள் காத்திருந்தார். சீசா விண்ணப்பத்தைப் படித்தாள். தன் பெயர், தன் பதவி, தன் இருபத்தாறு வருடம். கீழே பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. கையெழுத்துப் போட வேண்டிய இடமாம்.

"குட்டியைப் பாத்துக்கணும்னு எனக்கும் ஆசைதான் கண்ணு. இங்க வேலை செய்யணும்னும் ஆசை. ரெண்டும் ஒரே அளவுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"எது பெருசு?"

"காலையில அந்தப் பாறையைப் பாக்குறவரைக்கும் எனக்கே தெரியாது."

மகள் விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் முழுக்க ஏறியது. ஏறிய தண்ணீரில் ஏழாம் நம்பர் சோதனைக்கு ஒரு பாட்டில் பிடிக்கும் நேரம் அது. நிலையக்காரர் கயிற்றையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நொண்டியபடி கிளம்பினார்.

"நான் எடுக்கட்டுமா சார்?" என்றாள் சீசா. சின்னப் பிள்ளை கேட்பதுபோல் இருந்தது.

இடுப்பில் ஒரு கயிறு கட்டி அதன் மறுமுனையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். டீச்சர் கையை நீட்டினாள். வெளியே கோபத்தோடு நின்றிருந்த மகள், வந்து அந்தக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். கைப்பை தோளிலேயே தொங்கியது.

காலையில் மூச்சு விட்ட பாறை இப்போது வேறு ஆளாக இருந்தது. அலை குகைக்குள் புகுந்ததும் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு பிளவு வழியாகக் கடல் எழுந்து நின்றது. மூன்று மாடி உயரம். வெயில் அதன் ஊடே வந்தது. அப்படியே நின்று, யோசித்து, இரண்டு பேர் மேலும் மொத்தமாகக் கொட்டியது.

மகள் கயிற்றை விடவில்லை. தண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தொப்பலாக நனைந்த அம்மா பாறையில் அடித்திருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் சிரிப்பது வாயை மூடிக்கொண்டு. இது வேறு சிரிப்பு. மகளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இருபத்தேழு வருடமாகப் பார்க்கும் முகத்தில் தான் பார்க்காத இவ்வளவு இடம் இருந்ததா?

சீசா கயிற்றில் பாட்டிலை இறக்கினாள். அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசினாள். நான்காம் முறை, ஒரு குமிழிகூட உள்ளே நிற்காமல் நிரப்பி மூடினாள். சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வாங்கிப் பார்த்த பாட்டில்கள் இருபத்தாறு வருடமாகச் சொல்லியிருந்தன.

நிலையத்தில் சின்ன ஆய்வு மேஜை இருந்தது. சீசா மருந்து விட, பாட்டிலில் இருந்தது நீலமானது. மகள் மருந்தாளுநர் அல்லவா, கேட்காமலே பக்கத்தில் வந்து நின்று சொட்டு எண்ணினாள். மற்றத் தண்ணீருக்கு நீலம் மறையும் இடத்தை எண்ணிக்கை தாண்டியது. நீலம் அப்படியே நின்றது. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. சட்டென்று, யாரோ விளக்கை அணைத்ததுபோல், நீலம் போய்த் தண்ணீர் தெளிந்தது.

"உன் கை சரியாத்தான்மா இருக்கு," என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள். சீசாவுக்கு அது மூன்று மேலதிகாரிகளும் சேர்ந்து வந்து சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது.

வெயிலில் துணி காய உட்கார்ந்திருந்தபோது ஊசிதான் ஆரம்பித்தாள். "நான் ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணும்னா, அம்மாவா மகளான்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க. அடுத்த மாசம் அந்த வீட்ல ஒருத்தர் ரிட்டயர் ஆகுறாரே, அவர் யாரு, வாடகைக்கு இருக்கவரா?"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பாவா?" என்றாள் மகள்.

"பால் குடுக்கிற நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடியே குடுத்துடுவார். வேறென்ன குறை?" என்றாள் ஊசி.

இந்த யோசனை இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை. அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை. அவர் சரி என்பாரா என்பது வேறு விஷயம். மனைவி இரண்டு வருடம் ஒரு தீவில் இருப்பாள் என்று சொன்னால் முதலில் என்ன சொல்வாரோ, அதை நினைத்துச் சீசா காய்ந்துவிட்ட சேலைத் தலைப்பையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள்.

நேரம் ஓடியது. சீசா தொலைபேசிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடியில். வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கை மட்டும் எழும்பவில்லை. மகள் வந்து கதவருகே நின்றாள்.

"கூப்பிடலையா?"

சீசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். "இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கே," என்றாள்.

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள்.

மகள் கிட்டே வந்து தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "கழிக்காதம்மா. இது நிஜக் கடிகாரம். அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"நீ என்ன பண்ணுவ கண்ணு?"

"தெரியல. எனக்கு இன்னும் கோவம் போகல. குட்டி முதல் அடி எடுத்து வைக்கிறப்ப நீ இங்க இருப்ப. அதை நினைச்சா அழுகையா வருது." அவள் பையிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்தாள். கடல் கொட்டியதில் மை ஓடி, அம்மாவின் பெயரும் பதவியும் ஒன்றாகக் கலந்திருந்தன. "நனைஞ்சு போச்சு. வேற பிரதி எடுக்கலாம். எடுக்க மாட்டேன். கூப்பிடு."

சீசா எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல் கடுப்பாக என்ன வேண்டும் என்று கேட்டது. அவள் தன் பெயரைச் சொன்னாள், பணி எண்ணைச் சொன்னாள். பிறகு, "சம்மதம்," என்றாள். திருமணத்துக்கு யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

ஆறு மணிக்கு நால்வரும் கீழே இறங்கி வந்தார்கள். வெயில் சாய்ந்து கடல் முழுக்க மஞ்சளாக இருந்தது. பாதை இன்னும் தெரியவில்லை. ஆனால் நடுவே ஒரு கோட்டில் மட்டும் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. முழங்கால் ஆழத் தண்ணீருக்கு அடியில் மணல் மெல்ல மெல்ல மேலே வருவது தெரிந்தது. காலையில் பார்த்த அதே அதிசயம்தான். இரண்டாம் தடவை என்பதால் அது கொஞ்சமும் குறையவில்லை.

"அக்கரையில யாரோ நிக்கிறாங்க," என்றாள் டீச்சர்.

மகள் நிலையக்காரர் கொடுத்திருந்த தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். முதலில் தன் கணவனைக் கண்டுகொண்டாள். தோளில் பை, கையில் குடை. அவனுக்கு முன்னால், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு இன்னொருவர். மார்போடு ஒரு சின்ன மூட்டை. மூட்டை கையை ஆட்டியது.

"குட்டி," என்றாள் மகள். "அப்பா தூக்கிட்டு வந்திருக்கார். ஆறு மணி நேரம் பஸ்ல."

டைம்கீப்பர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தையை மருமகனிடம் கொடுத்தார். பிறகு யாரையும் கேட்காமல் தண்ணீருக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தார். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால்.

"என்ன பண்றார் இவர்? திறக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கே," என்றாள் ஊசி.

"அவர் கடிகாரத்துல திறந்தாச்சு," என்றாள் சீசா.

வடிகிற தண்ணீர்தான், பயமில்லை என்று நிலையக்காரர் சொல்லியிருந்தார். சீசா செருப்பைக் கழற்றி மகளின் கையில் கொடுத்தாள். முப்பது வருடத்தில் முதல் முறையாக அவளும் இருபது நிமிடம் முன்னாலேயே கிளம்பினாள். எதிரே அவர் வந்துகொண்டிருந்தார். நடுக்கடலில் இருவரும் சந்திக்கும்போது தன் கணவரிடம் முதலில் எந்த வார்த்தையைச் சொல்வது என்று யோசித்தபடி, அவள் தண்ணீரில் இறங்கினாள்.